வேருக்கு மேலால் போட்ட கல்

எங்கள் வீடு வீதியை விடத் தாழ்வில் இருந்தது. பதுளையில் அது புதுமையில்லை. ஒரு வீட்டின் கூரை மட்டத்தில் அடுத்த வீட்டின் வாசற்படி இருக்கும் ஊர் அது. கேட்டைத் திறந்தால் ஒரு கொங்கிரீட் பாதை சரிந்து இறங்கி, லேசாக வளைந்து, போர்ட்டிகோவில் வந்து முடியும். எங்களுக்கு முன் அங்கே இருந்தவர் போட்ட பாதை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் வீட்டை வாங்கியபோது அதன் குறுக்கே மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் குனிந்து அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது ஒண்டும் செய்யாது" என்றார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. மாற்றலாகிப் பதுளைக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. நான் மடுல்சீமையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து படித்து ஆசிரியையானவள். எங்கள் கல்யாணத்துக்கு அவர் பக்கத்தில் யாரும் வரவில்லை. என் பக்கத்தில் வந்தவர்களும் அவ்வளவு சந்தோஷமாக வரவில்லை. காலப்போக்கில் இரண்டு பக்கமும் பழகிக்கொண்டது. வீட்டுக்குள் அவர் கதைப்பார், நான் பேசுவேன். மகள் இரண்டையும் கலந்து ஏதோ செய்தாள்.

வெடிப்புக்குக் காரணம் பலா மரம் என்பது எங்களுக்கு இரண்டாம் வருடமே தெரிந்துவிட்டது. மரம் எங்களுடையதல்ல. வேலிக்கு அந்தப் பக்கம், மிஸ்ஸியின் வளவில் நின்றது. தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற சிங்கள அம்மா அவர். எல்லோரும் மிஸ்ஸி என்றே கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். புருஷன் இல்லை. ஒரே மகள் வெலிமடையில் கட்டிக்கொடுக்கப்பட்டிருந்தாள். தோட்டங்களில் வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்ட தமிழை மிஸ்ஸி தயக்கமில்லாமல் பேசுவார். எங்கள் மகளுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து வலிப்பு கண்டபோது வேலியைத் தாண்டி ஓடி வந்து, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, வாகனம் வரும் வரைக்கும் மடியில் வைத்திருந்தவர் அவர்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு நாள், கணவருடைய அண்ணனின் பிள்ளைகள் இரண்டு பேர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கினார்கள். வளர்ந்த பையன்கள். வெளிநாடு போவதற்காகக் கொழும்புக்குப் போகிற வழி. அந்தக் காலத்தில் வெளியூரிலிருந்து ஆள் வந்தால் பொலிஸில் பதிய வேண்டும். நாலு நாள்தானே என்று இவர் பதியவில்லை. விடியற்காலையில் அவர்கள் இருவரும் பைகளைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறிப் போனார்கள். மறுநாள் பின்னேரம் பொலிஸார் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அலுமாரியைத் திறந்து பார்த்தார்கள், மகளின் பாடப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். பிறகு இவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் மாலை திரும்பி வந்தார். அடிக்கவில்லை. ஒரு மர வாங்கில் இருக்க வைத்து அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். குளித்துவிட்டு வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சாப்பிடாமல் சொன்னார்.

"ஒருத்தன் சிவப்பு பேக் கொண்டு போனவன் எண்டதும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. விடியக்காலமை அந்த பேக்கைக் கண்டிருக்கக்கூடிய ஆள் ஒராள்தான்."

மிஸ்ஸி விடியவே அடுப்பு மூட்டும் குசினியின் ஜன்னல் எங்கள் பாதையைப் பார்த்தபடி இருந்தது.

"சும்மா இருங்க. மிஸ்ஸி அப்படிப்பட்ட ஆள் இல்ல" என்றேன். "ரோட்டுல எத்தனை பேர் பார்த்திருப்பாங்க. பால் கொண்டு போறவன் பார்த்திருக்கலாம். பஸ்ஸுல யாராவது பார்த்திருக்கலாம்."

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து மிஸ்ஸியைப் பார்த்தால் தலையசைப்பதை நிறுத்திக்கொண்டார். மிஸ்ஸியும் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். நான் மட்டும் நிறுத்தவில்லை. இவர் அலுவலகத்தில் இருக்கிற நேரத்தில் வேலிக்கருகே நின்று நாலு வார்த்தை பேசுவேன்; கறிவேப்பிலை வாங்குவேன், பலாக்காய் வாங்குவேன். அந்தப் பலாக்காயை இவர் சாப்பிட்டார். எங்கிருந்து வந்தது என்று கேட்டதில்லை. அவர் நினைப்பது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான் மிஸ்ஸிக்காக அல்ல, நியாயத்துக்காகத்தான் அவரோடு பேசுகிறேன் என்று கூட எனக்குள் சொல்லிக்கொண்டதுண்டு.

வருடங்கள் போகப் போக வெடிப்பு அகன்றது. ஒவ்வொரு சித்திரை வருடப் பிறப்புக்கு முன்பும் இவர் கொஞ்சம் சீமெந்தைக் குழைத்து அதைப் பூசுவார். அடுத்த மழைக்காலத்தில் அது பொருக்காகப் பெயர்ந்துவிடும். பிறகு கொங்கிரீட்டின் ஒரு பாதி மற்றப் பாதியை விட உயர ஆரம்பித்தது. பழைய கார் ஒன்று வாங்கியிருந்தோம். அது இறங்கும்போது அடிப்பாகம் அந்த விளிம்பில் உராய்கிற சத்தம் பல்லைக் கூசச் செய்யும். மழை நாட்களில் காரை மேலே வீதியோரத்தில் விட்டுவிட்டு நடந்து வருவோம்.

அப்படி நடந்து வந்த ஒரு மாலையில்தான் அவர் விழுந்தார். போர்நிறுத்தம் வந்து ஆட்கள் யாழ்ப்பாணத்துக்கும் இங்கேயுமாகப் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்த காலம். ஐப்பசி மழை. ஒரு கையில் பேக்கரியில் வாங்கிய பாண், மறு கையில் குடை. சப்பாத்தின் முனை அந்த விளிம்பில் மாட்டிக்கொண்டது. சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது அவர் சரிவில் ஒரு பக்கமாகக் கிடந்தார். பாண் போர்ட்டிகோ வரைக்கும் உருண்டு வந்திருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிஸ்ஸியின் குரல் கேட்டது.

"டீச்சர், தூக்க வேணாம்! கால அப்பிடியே வைங்க. ரெண்டு பக்கம் பலக வச்சுக் கட்டுங்க, பொறகு தூக்குங்க."

நான் அப்படியே செய்தேன். அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வேலிப் பக்கம் திரும்பவில்லை.

கணுக்கால் உடைந்திருந்தது. முழங்கால் வரைக்கும் மாக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். இனி இந்தப் பாதையை இப்படியே விட முடியாது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் வரவில்லை. என்ன போடுவது என்பதில்தான் வந்தது. அவருக்குத் திரும்பவும் கொங்கிரீட்தான் வேண்டும். எனக்கு இன்டர்லொக் கல் வேண்டும். பண்டாரவளையில், என்னோடு படிப்பிக்கும் ஒருத்தியின் வீட்டில் பார்த்திருந்தேன். சிவப்பும் சாம்பலுமாக, ஒன்றோடொன்று கோத்தது போல, பார்க்க அழகாக இருந்தது. என் காரணம் அவ்வளவுதான்.

வேலைக்கு வந்த மேசனை பாஸ் என்று கூப்பிட்டோம். பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போய் மேசன் தொழில் செய்துவிட்டுத் திரும்பியவர். பேசிக்கொண்டே இருப்பார். அவர் என் பக்கம் சேர்ந்துகொண்டார்.

"கொங்கிரீட் போட்டா தண்ணி ஊத்தி ஊத்திப் பார்த்துக்கணும் ஐயா. அது இறுகுற வரைக்கும் யாரும் கால் வைக்க ஏலாது. நீங்க இந்தக் கால வச்சுக்கிட்டு எப்பிடி வெளிய போவீங்க? கிளினிக்குக்குப் போகணுமே! கல்லுன்னா போட்ட அன்னைக்கே கார ஓட்டலாம்."

கணவர் மாக்கட்டைப் பார்த்தார். "சரி, கல்லையே போடும்" என்றார். தோற்றுப்போன முகம் ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் ஒரு கோப்பை மேலிடத்துக்கு அனுப்பி வைக்கிற மாதிரிச் சொன்னார்.

முதலில் பழைய கொங்கிரீட்டை உடைத்தார்கள். பாஸும் கூட வந்த இரண்டு ஆட்களும் சம்மட்டியால் அடித்து, அலவாங்கால் நெம்பி, துண்டு துண்டாகப் புரட்டினார்கள். இவர் போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு, ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கொங்கிரீட் சில இடங்களில் விரல் தடிப்புக்கூட இல்லை. முன்னைய சொந்தக்காரர் சீமெந்தை மிச்சம் பிடித்திருந்தார். அதைப் பற்றி பாஸ் ஒரு மணித்தியாலம் பேசினார்.

சனிக்கிழமை பகல் வேரைக் கண்டார்கள். பாதையின் நடுவே, வெடிப்பு ஓடிய அதே வாக்கில், மனிதத் தொடை அளவுக்குப் பருத்து, செம்மஞ்சள் நிறத் தோலோடு குறுக்கே கிடந்தது. வேலிக்கு அடியால் நுழைந்து, எங்கள் பாதையைக் கடந்து, மறுபக்கத்து மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

"இதான் ஐயா ஒங்க கால ஒடச்ச ஆளு" என்றார் பாஸ். "வெட்டிப் போட்டுட்டா வேலை சுத்தம். மட்டமா கல்லு வைக்கலாம்."

"வெட்டும்" என்றார் இவர்.

கோடரியை எடுத்து இரண்டு வெட்டு வெட்டினார்கள். வெட்டுவாயிலிருந்து பால் கசிந்து கோடரியில் இழுபட்டது. மூன்றாவது வெட்டுக்கு ஓங்கும்போது மேலே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மிஸ்ஸி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உடைந்த கொங்கிரீட் துண்டுகளுக்கிடையே கால் வைத்து இறங்கி வந்தார். இவரைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போன நாளுக்குப் பிறகு அவர் எங்கள் வளவுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

"வெட்ட வேணாம்" என்றார், பாஸிடம். பிறகு போர்ட்டிகோவைப் பார்த்து, "மாத்தயா, இது பெரிய வேர். மரம் இதுலதான் நிக்குது. வெட்டினா காத்துக்கு நம்ம யாராவது ஒராள் வூட்டு மேல விழும்" என்றார்.

இவர் சிங்களத்தில் பதில் சொன்னார். அலுவலகத்தில் கடிதம் எழுதுகிற சிங்களம். எப்போதும் சுத்தமாகப் பேசுவார். வேர் எங்கள் காணிக்குள் இருக்கிறது, அதனால்தான் பாதை உடைந்தது, அதனால்தான் தன் காலும் உடைந்தது, வெட்டுவதற்குத் தனக்கு உரிமை இருக்கிறது என்றார். மிஸ்ஸி தமிழிலேயே திரும்பச் சொன்னார்.

"உரிமை இருக்கு. நான் இல்லன்னு சொல்லலியே. கொஞ்சம் யோசிங்கன்னுதான் சொல்றது."

அப்போது இவருடைய சிங்களம் நின்றுபோனது. ஊர்த் தமிழில், குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"எங்கட வீட்டைப் பற்றி நீங்கள் யோசிச்சது காணும், மிஸ்ஸி. ஒருக்கா யோசிச்சீங்கள். அது போதும்."

பாஸ் கோடரியைக் கீழே வைத்தார். மற்ற ஆட்கள் என்னவென்று புரியாமல் நின்றார்கள். எனக்கு முகம் சூடானது. இத்தனை வருடங்களாக இவர் மனதுக்குள் வைத்திருந்த அந்த அபாண்டத்தைப் பாவம் அந்த மனுஷியின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாரே என்றிருந்தது. "என்னங்க இது" என்று நான் குறுக்கிட்டேன். "மிஸ்ஸி, அவர் ஏதோ கால் வலியில..."

மிஸ்ஸி என்னைப் பார்க்கவில்லை. இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா மாத்தயா" என்றார். "நான்தான் சொன்னது."

தூக்கிப் பிடித்திருந்த சேலையைக் கீழே விட்டார்.

"அந்த மாசம் அக்காட மகன் செத்தது. ஆமியில இருந்தான். பொட்டிய தொறக்க விடல. மொகம் பார்க்க இல்ல. அடக்கம் பண்ணிட்டு வந்து மூணாம் நாள் பொலிஸ்ல இருந்து ரோட்டுல வீடு வீடாக் கேட்டுக்கிட்டு வந்தாங்க, வெளி ஆள் யாராவது வந்ததான்னு. நான் சொன்னேன். ரெண்டு பேர் வந்தாங்க, விடியக்கால போனாங்க, ஒருத்தன் கையில செவப்பு பேக்குன்னு சொன்னேன். பயம் இருந்திச்சு. கோவமும் இருந்திச்சு. ரெண்டும். மாத்தயாவக் கூட்டிட்டுப் போவாங்கன்னு நெனைக்கல. அடுத்த நாள் இங்க கேட் வரைக்கும் வந்தேன். டீச்சர் படியில ஒக்காந்து இருந்தாங்க. திரும்பிப் போயிட்டேன்."

படியில் உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகமிருக்கிறது. கேட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் வந்ததைக் காணவில்லை.

கணவர் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தார். கோபப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவருடைய முகம் இளகிப்போயிருந்தது. தலைவலி விட்ட ஆளின் முகம் போல இருந்தது என்று பிறகு யோசித்தபோது தோன்றியது. சற்று நேரம் வேரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு பாஸைக் கூப்பிட்டார்.

"வேரை வெட்டாமல், மேலால கல்லைப் போடலாமோ?"

"போடலாம் ஐயா. ஆனா மேடு தெரியும்."

"எவ்வளவு?"

பாஸ் உள்ளங்கையைத் தரையிலிருந்து உயர்த்திக் காட்டினார். "ரெண்டு பக்கமும் கிரவலப் போட்டு இழுத்து விட்டா கார் அடி படாது. ஆனா வேர் இன்னும் பெருக்கும். பெருக்குனா கல்லு தூக்கும்."

"தூக்கினா?"

"தூக்குன கல்ல மட்டும் கழட்டி, மண்ணச் சரி பண்ணித் திரும்ப வைக்கலாம். கொங்கிரீட் மாதிரி ஒடைக்கத் தேவையில்ல."

"அப்ப அப்பிடியே செய்யும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இஞ்சரும், எல்லாருக்கும் தேத்தண்ணி போடும். மிஸ்ஸிக்கும்" என்றார்.

நான் குசினிக்குப் போய்த் தண்ணீரை அடுப்பில் வைத்தேன். அது கொதித்த பிறகும் எடுக்காமல் நின்றேன். வேலியோரத்தில் நின்று பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. கறிவேப்பிலை, பலாக்காய், மகளின் படிப்பு, மகளின் பெரிய பிள்ளைச் சடங்கு. அந்த ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாமல் இருந்தது. நான் அவருக்காக என் புருஷனோடு வாதாடியிருக்கிறேன். மிஸ்ஸிக்கு அதுவும் தெரிந்திருக்கும். தேத்தண்ணியைக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்தேன். மிஸ்ஸிக்குக் கொடுக்கும்போது கோப்பையை அவர் கையில் கொடுக்காமல் படிக்கட்டின் விளிம்பில் வைத்தேன். அவர் எடுத்துக் குடித்துவிட்டு, கோப்பையை அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் முழுக்க வேலை நடந்தது. கிரவல் கொட்டி, வாடகைக்கு எடுத்த மெஷினால் அதை அமுக்கினார்கள். வீட்டுச் சாமான்களெல்லாம் அலுமாரிக்குள் கிடுகிடுத்தன. இரண்டு ஓரமும் கொங்கிரீட்டால் கரை கட்டினார்கள். அதற்குமேல் மணலைப் பரப்பி, மட்டப் பலகையால் இழுத்து, போர்ட்டிகோப் பக்கத்திலிருந்து தொடங்கி மேலே கேட்டை நோக்கிக் கல்லை அடுக்கிக்கொண்டு போனார்கள். கீழிருந்து போனால்தான் கல் சரியாது என்று பாஸ் சொன்னார். சிவப்புக் கல் போதாமல் போய், கேட்டுக்குக் கிட்ட வெறும் சாம்பல் நிறமாகவே முடிந்தது. பண்டாரவளை வீட்டில் பார்த்த அழகு வரவில்லை. நடுவில் ஒரு மேடு, போர்வைக்கு அடியில் யாரோ படுத்திருப்பது போல. மழைத் தண்ணீர் மட்டும் முன்னைப் போலப் போர்ட்டிகோவுக்குள் வரவில்லை. கல் இடுக்குகளில் இறங்கிப் போய்விட்டது.

மாக்கட்டு வெட்டிய பிறகு கணவர் ஊன்றுகோலோடு அந்தப் பாதையில்தான் நடை பழகினார். மிஸ்ஸி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, குதிகாலை முதலில் ஊன்றுங்கள், அவசரப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பார். இவர் அவரோடு தமிழில் பேச, அவர் தமிழில் பதில் சொல்ல, எனக்கு உள்ளேயிருந்து எல்லாம் கேட்கும். நான் வெளியே போவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மிஸ்ஸி வாசலில் நின்றால் பையில் சாவியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டு இறங்கிவிடுவேன்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது இவர் கேட்டார்.

"நீர் ஏன் இப்ப அந்த மனிசியோட கதைக்கிறேல்லை?"

"எனக்குப் பேச வரல."

"செய்தது எனக்கெல்லோ?"

"ஒங்களுக்குத்தான். ஆனா பொய்யா இருந்தது என்கிட்ட."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "கோவிச்சு முடிஞ்சுது. உமக்கு இப்பதானே தெரிஞ்சது. காலம் எடுக்கும்."

அதற்குமேல் என்னை அவர் வற்புறுத்தவில்லை.

ஒன்றரை வருடம் போலப் போயிருக்கும். பலா நன்றாகக் காய்த்த பருவம். கிளையொன்று எங்கள் பக்கம் நீண்டிருந்தது. அதிலிருந்த பழம் ஒன்று கனிந்து விழுந்து, பாதையில் சிதறிக் கிடந்தது. சுளையைப் பொறுக்கியெடுத்துக் கழுவிவிட்டேன். பால் மட்டும் கல்லில் ஒட்டிக்கொண்டு, தும்பும் மண்ணும் சேர்ந்து கறுப்பாகிவிட்டது. நான் முழந்தாளில் இருந்து மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"தேங்கா எண்ண போடுங்க டீச்சர்" என்றது குரல்.

நிமிர்ந்து பார்த்தேன். அந்த ஒன்றரை வருடத்தில் மிஸ்ஸி நன்றாக மெலிந்திருந்தார். சட்டையின் தோள் சரிந்து கிடந்தது. எனக்கு அது தெரியாமல் போயிருந்தது, குனிந்துகொண்டு போனதால்.

"போட்டுப் பார்த்தேன். போகல" என்றேன்.

"கல்லுல ஓட்ட இருக்குது இல்லியா, அதுக்குள்ள போயிரும். சாம்பல் தூவி விடுங்க. காஞ்ச பொறகு சொரண்டினா வரும்."

"சாம்பல் எங்க இப்ப. கேஸ் அடுப்புதானே."

"என்கிட்ட இருக்கு" என்றார். உள்ளே போய், ஒரு பால்மா டின்னில் அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டினார். நான் எழுந்து போய் வாங்கினேன். கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது, அவருடையது.

"மருந்து எடுக்கிறீங்களா மிஸ்ஸி?"

"எடுக்குறது. பிரஷருக்கும் சீனிக்கும்."

அதற்குப் பிறகு பேசினோம். பழையபடி மணிக்கணக்கில் இல்லை. மருந்து, மழை, தண்ணீர் வராத நாட்கள். அவர் செய்ததைப் பற்றி ஒருநாளும் நாங்கள் பேசவில்லை. அக்காவின் மகனைப் பற்றி ஒரே ஒரு தடவை நானாகக் கேட்டேன். அவனுக்குக் கணக்கு நன்றாக வரும் என்று சொன்னார். நானும் கணக்கு டீச்சர் என்பதால் அப்படிச் சொன்னாரோ, உண்மையாகவே அப்படித்தானோ தெரியாது.

யுத்தம் முடிவதற்கு முந்திய வருடம் வெலிமடையிலிருந்து மிஸ்ஸியின் மகள் வந்து அவரை அழைத்துக்கொண்டு போனாள். வீட்டை வங்கி உத்தியோகத்தர் ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். அவருக்குப் பலா மரம் பிடிக்கவில்லை. இலை கூட்டி முடியவில்லை என்று எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டார். அதற்கு இடையில் பாஸை ஒரு தடவை கூப்பிட்டு, மேட்டிலிருந்த கற்களைக் கழற்றித் திரும்பவும் வைத்தோம். வேர் முன்னைவிட இரண்டு விரல் தடிப்புக்குப் பெருத்திருந்தது. கோடரி பட்ட இடத்தில் தோல் மூடி, உதடு போலத் தடித்திருந்தது. இவர் ஊன்றுகோலால் அதைத் தட்டிப் பார்த்தார். பிறகு பாஸிடம் இந்த முறை மணலைக் கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.